டவர் ஃபேன்: கணவாய்க் காற்றுக்கும் நார்த் தூசிக்கும் நடுவில் எது தாங்கும்?

மாசி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம், தமிழ்நாடு–கேரள எல்லையில், பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் வரைக்கும் எலக்ட்ரிக்கல் கடை வாசல்களில் டவர் ஃபேன் வந்து நின்றுவிடும். ஒல்லியாக, இடுப்புயரத்துக்கு, ரிமோட்டோடு. "கரண்ட் கம்மிங்க, எடம் அடைக்காதுங்க, காத்து ஏசி மாதிரி வருமுங்க" என்பார் கடைக்காரர். இந்த மூன்றில் இடம் அடைக்காது என்பது மட்டும் எல்லா மாடலுக்கும் பொருந்தும். கரண்ட் கம்மி என்பது பாதி மாடல்களுக்குத்தான். ஏசி கதையை அப்படியே விட்டுவிடலாம்.

ஒரு கம்பெனி பெயரைச் சொல்லி நல்லது, கெட்டது என்பதில் இங்கே பெரிய பயனில்லை. ஒரே கம்பெனியே உள்ளே முற்றிலும் வேறான இரண்டு வகைகளை ஒரே மாதிரி வெளிக்கூட்டில் போட்டு விற்கிறது. எந்த வகை எந்த வீட்டுக்கு ஆகும், இந்தப் பக்கத்துத் தூசியில் அதை எப்படி ஓட்டுவது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் வகை உருளை. அடியில் மோட்டார், அதன் தண்டில் செங்குத்தாக நிற்கும் நீளமான பிளாஸ்டிக் உருளை, அதைச் சுற்றி விரற்கடை அகலத்தில் வளைந்த தகடுகள். பின்பக்கக் கிரில் வழியாக இழுத்த காற்று உருளையைக் குறுக்கே கடந்து முன்பக்கம் ஒரு பட்டையாக வரும். மோர்டியே என்பவர் 1893-ல் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது. ஸ்ப்ளிட் ஏசியின் உட்புற யூனிட்டில் படுத்திருக்கும் அதே உருளை இங்கே எழுந்து நிற்கிறது, அவ்வளவுதான். ஒரு வித்தியாசம் உண்டு. ஏசியில் உருளைக்கு முன்னால் கழற்றிக் கழுவுகிற வலை ஃபில்டர் இருக்கும். டவர் ஃபேனில் அது பெரும்பாலும் கிடையாது. வீட்டுத் தூசி நேராகத் தகட்டில் போய் ஒட்டும். பின்னால் சொல்லப்போகும் தொல்லைகளில் முக்கால்வாசிக்கு இதுதான் வேர்.

இரண்டாவது வகை புளோயர். நத்தைக்கூடு மாதிரியான உறைக்குள் குட்டையான சக்கரம் வேகமாகச் சுற்றும். சில மாடலில் ஒன்று, சிலதில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மூன்று. காற்று நல்ல வேகத்தோடு தூரம் பாயும், சத்தமும் கூடவே வரும்.

கடையில் இரண்டையும் பிரித்தறிய ஃபேனைத் திருப்பிப் பின்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வாட் எவ்வளவு என்று பாருங்கள். 40 முதல் 60 என்றால் பெரும்பாலும் உருளை. 120-க்கு மேல் போனால் புளோயர். சந்தேகமிருந்தால் போன் டார்ச்சைப் பின் கிரிலில் அடித்தால் உள்ளே இருப்பது நீள உருளையா, வட்டச் சக்கரமா என்று தெரிந்துவிடும். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கரண்ட் கணக்கு இது. தினம் பத்து மணி நேரம், இரண்டு மாத பில்லுக்கு 60 நாள் என்று வையுங்கள். தமிழ்நாட்டு ஈ.பி. ஆனாலும் கேரளத்து கே.எஸ்.இ.பி. ஆனாலும் வீட்டு பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதானே. 50 வாட் உருளை 30 யூனிட் எடுக்கும், 150 வாட் புளோயர் 90 யூனிட். வீட்டில் ஏற்கெனவே தொங்கும் 75 வாட் பழைய சீலிங் ஃபேன் 45 யூனிட், 30 வாட் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார் வைத்த) சீலிங் ஃபேன் 18 யூனிட். கரண்டை மிச்சம் பிடிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் டவர் ஃபேன் பக்கம் போகாமல் பி.எல்.டி.சி. சீலிங் ஃபேன் வாங்கிவிடலாம்.

அட்டைப்பெட்டியில் காற்றின் அளவு என்று ஒரு பெரிய எண் இருக்கும். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. சீலிங் ஃபேனுக்கு நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் என்று போடுவார்கள். 1200 மி.மீ. ஃபேன் 210 முதல் 230 வரை தரும். டவர் ஃபேன் பெட்டியில் இருப்பது பெரும்பாலும் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்பது. 1500 என்று பார்த்து மலைத்துப்போக வேண்டாம், 60-ஆல் வகுத்தால் 25 வரும். நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்று போட்டிருந்தால் 35-ஆல் வகுக்க வேண்டும். அதற்காக டவர் ஃபேன் எட்டு மடங்கு மோசம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. சீலிங் ஃபேன் அறை முழுவதையும் கலக்குகிறது. டவர் ஃபேன் ஒரு குறுகிய பட்டையாக அடிக்கிறது, அந்தப் பட்டைக்குள் உட்கார்ந்தவருக்கு நன்றாகவே உறைக்கும். பத்துக்குப் பத்து அறையில் ஒருவர், மிஞ்சினால் இரண்டு பேர் என்றால் உருளை போதும். கூடத்தில் ஆறு பேருக்கு ஒரு டவர் ஃபேன் என்பது ஆகாத காரியம்.

சீலிங் ஃபேனை விட இது நன்றாக வேலை செய்கிற இடமும் இந்தப் பக்கம் உண்டு. ஓட்டு வீடும் ஷீட் போட்ட வீடும்தான். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பகலெல்லாம் காய்ந்து மேலே அனலைத் தேக்கி வைத்திருக்கும். சீலிங் ஃபேனைப் போட்டால் அந்த அனலை அப்படியே தலைமேல் இறக்கும். டவர் ஃபேன் தரையை ஒட்டிய காற்றை எடுத்து அதே உயரத்தில் தள்ளுவதால் மதியம் மூன்று மணிக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஓட்டு வீட்டில் ஃபேன் மாட்ட உத்திரம் சரியாக அமையாத அறைகளுக்கும் இதுவே தோது. ஆர்.சி. (கான்கிரீட்) கட்டடத்தில், நல்ல சீலிங் ஃபேன் இருக்கிற அறையில், கண்டிப்பாக வேண்டும் என்று சொல்ல மாட்டேன்.

வெயில் உச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மார்ச், ஏப்ரலில் பாலக்காடு பக்கம் 40 டிகிரியைத் தொடுகிற நாட்கள் வரும். எந்த ஃபேனும் காற்றைக் குளிர்விப்பதில்லை, வியர்வையை ஆற்றுவதால்தான் நமக்குச் சில்லென்று படுகிறது. அறைக்குள்ளேயே 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஃபேன் உடம்பைச் சூடேற்றும், அதற்குக் கீழே இருக்கும்போது மட்டும் போடுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த மாதிரி மதியங்களில் வயசானவர்களை ஃபேன் முன்னால் உட்காரவைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட வேண்டும், தண்ணீர் குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஈரத்துண்டை ஃபேனின் பின்பக்கம் போர்த்துகிற வழக்கமும் சிலரிடம் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். காற்று உள்ளே போகிற வழி அடைபடும், அந்தக் காற்றில்தான் மோட்டாரும் ஆறுகிறது, சொட்டுகிற தண்ணீர் போய்ச் சேருவது அடியிலுள்ள சர்க்யூட்டுக்கு. துணி வேண்டுமென்றால் ஜன்னலில் தொங்கவிடுங்கள்.

பட்டனா, திருகா?

ரிமோட், டிஸ்பிளே, தொட்டால் பீப் என்கிற பட்டன் எல்லாம் பார்க்க அழகு. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கரண்ட் போய்ப் போய் வருகிற ஊரில் இதை யோசித்துத்தான் வாங்க வேண்டும். எலக்ட்ரானிக் பட்டன் உள்ள ஃபேன்கள் பெரும்பாலும் கரண்ட் போய்த் திரும்பி வந்தால் தானாக ஓடாது, யாராவது எழுந்து பட்டனை அழுத்த வேண்டும். திருகு ஸ்விட்ச் வைத்தது விட்ட இடத்திலிருந்து ஓடும். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போய் ஐந்து நிமிடத்தில் வந்தால், குழந்தையோ பெரியவரோ தூங்குகிற அறையில் இது சின்ன விஷயமா? கடையிலேயே ஓடவிட்டு, பிளக் ஸ்விட்சை அணைத்துப் போட்டுப் பாருங்கள். பத்து விநாடி வேலை. வேறு எதைக் கேட்காவிட்டாலும் இதைச் செய்து பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

நேச்சுரல் மோட் என்பது வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு புரோகிராம். ஸ்லீப் மோட் நேரம் ஆக ஆக வேகத்தைப் படிப்படியாக இறக்கும். டைமர் உண்மையிலேயே உபயோகம், விடியற்காலைக் குளிரில் எழுந்து அணைக்க வேண்டியதில்லை. அயனைசர் என்று தனிக்காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் மோட்டார் முனகும், சூடேறும். தோட்டத்து மோட்டார்கள் ஓடுகிற லைனின் கடைசியில் வீடு இருந்தால் ராத்திரி வோல்டேஜ் இறங்கிப்போய் ஃபேன் மந்தமாகச் சுற்றும். அதை ஃபேன் கோளாறு என்று நினைத்துக் கழற்றிவிட வேண்டாம். பக்கத்து அறை சீலிங் ஃபேனும் மந்தமாகச் சுற்றினால் காரணம் லைனில்தான்.

பூட்டுவதும் வைப்பதும்

அடித்தட்டு பெரும்பாலும் இரண்டு பாதியாக வரும். இரண்டையும் கோத்து, நடுத்துளையில் ஃபேனை இறக்கி, கீழிருந்து பெரிய பிளாஸ்டிக் நட்டை இறுக்க வேண்டும். வயரை அடித்தட்டின் காடிக்குள் அழுத்தி விடாவிட்டால் ஃபேன் வயர்மேலேயே நிற்கும். ஆட்டம் கொடுக்கும், நாள்பட வயரும் நசுங்கும். நட்டை இறுக்கியபின் தலைப்பகுதியைப் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள். லொடலொட என்றால் கோப்பு சரியில்லை.

பின்பக்கம் சுவரிலிருந்து ஓர் அடியாவது இடம் விடுங்கள். மூலையில் செருகி வைத்தால் காற்று இழுக்க வழியில்லாமல் பாதி வேகம்தான் வரும், சத்தம் மட்டும் முழுதாக வரும். திரைச்சீலைக்குப் பக்கத்தில் வைத்தால் துணி பின் கிரிலில் ஒட்டிக்கொள்ளும். கட்டில் ஒன்றரை அடி உயரம் என்றால், மூன்றடி ஃபேனின் கீழ்ப்பாதிக் காற்று கட்டிலுக்கு அடியில் போகிறது. அதற்காக ஸ்டூல்மேல் ஏற்றாதீர்கள், அடித்தட்டு குறுகல், திரும்பும்போது சாயும். கட்டிலின் கால்மாட்டில் நேராக வைப்பதை விடப் பக்கவாட்டில், தலையணைக்கு இரண்டு மூன்று அடி தள்ளி வைத்தால் மேல்பாதிக் காற்று வீணாகாது. ராத்திரி ஒன்பதுக்கு மேல் வெளியே கணவாய்க் காற்று குளிர்ந்துவிடும். அப்போது ஃபேனின் முதுகை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துத் தரும். சீலிங் ஃபேனால் இது முடியாது.

தூசி

இந்தப் பக்கத்துத் தூசி சென்னைத் தூசி மாதிரி இல்லை. ஆனியிலிருந்து ஆவணி வரை கணவாய் வழியாக மேல்காற்று அள்ளிக்கொண்டு வருவது செம்மண் பொடி. நார் மில் பக்கத்தில் வீடு என்றால் அதோடு தேங்காய் மட்டைத் தூளும் சேரும். மட்டைத் தூள் எடையில்லாதது, எங்கும் பறந்து நுழையும். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வெயில் காலத்தில் தகட்டில் பொடியாக ஒட்டுவது, சாரல் பிடித்ததும் ஈரத்தைக் குடித்துக் களி மாதிரி இறுகும். ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாகப் படிந்தால் போதும், உருளை எடை மாறி அதிர ஆரம்பிக்கும். அந்த அதிர்வு, உருளையின் மேல் நுனியைத் தாங்கிச் சுற்றவிடும் புஷ்ஷைத் தின்னும். "ஒரு வருஷம் ஓடிச்சு, அப்புறம் கடகடன்னு சத்தம்" என்று கேள்விப்படுவதெல்லாம் இப்படி வந்த சத்தம்தான்.

ஆகவே மாசி முதல் ஆவணி வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை மேலோட்டமாகவும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்தும் துடைக்க வேண்டும். மேலோட்டம் என்றால் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஓர் அங்குலப் பெயிண்ட் பிரஷ்ஷால் பின் கிரிலை மேலிருந்து கீழாகத் தட்டி, வேக்குவம் கிளீனரால் இழுப்பது. வேக்குவம் இல்லாவிட்டால் ஃபேனை வாசலுக்குக் கொண்டுபோய் முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக ஊத வேண்டும். தூசி வந்த வழியே வெளியே போகட்டும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் பிடித்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அந்தக் காற்றில் உருளை தன்னிச்சையாகப் பேய் வேகத்தில் சுற்றும், புஷ் அதைத் தாங்காது. கிரில் வழியாக ஒரு குச்சியை விட்டு உருளையை நிறுத்திப் பிடித்துக்கொண்டு ஊதுங்கள்.

திறந்து துடைப்பதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். வாரண்டி காலத்தில் திறந்தால் வாரண்டி போகும் என்பதை மனதில் வையுங்கள். அந்தக் காலத்தில் மேலோட்டத்தை அடிக்கடி செய்து ஓட்டுங்கள்.

பிளக்கைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டு வையுங்கள், உள்ளே கண்டென்சரில் (மோட்டாரைக் கிளப்பிவிடும் மின்தேக்கி) மிச்சமிருக்கும் கரண்ட் இறங்கட்டும். பழைய போர்வையை விரித்து ஃபேனைக் குப்புறப் படுக்கவைத்து அடித்தட்டைக் கழற்றவும். பின்பக்க ஸ்க்ரூக்கள் ஆழமான குழிகளுக்குள் இருக்கும், குட்டை ஸ்க்ரூ டிரைவர் எட்டாது. எட்டு அங்குல நீளமுள்ள பிளஸ் டிரைவர் வேண்டும், முனையில் காந்தம் இருந்தால் இன்னும் நல்லது. எல்லா ஸ்க்ரூவும் ஒரே நீளம் கிடையாது. ஒரு காகிதத்தில் ஃபேன் படம் போல வரைந்து, எந்தக் குழியிலிருந்து எடுத்ததோ அந்த இடத்தில் குத்தி வையுங்கள். எல்லாம் கழற்றியும் மூடி வராவிட்டால் வலிந்து இழுக்க வேண்டாம், ஸ்டிக்கருக்கு அடியில் ஒன்று ஒளிந்திருக்கும். விரலால் ஸ்டிக்கரைத் தடவினால் குழி தட்டுப்படும். ஓரத்துக் கிளிப்புகளைக் கத்தியால் நெம்பாமல், காலாவதியான ஏ.டி.எம். கார்டைச் செருகி விடுவித்தால் பிளாஸ்டிக் உடையாது. வயர்களைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டு தொடுங்கள்.

மூடியை எடுத்ததும் உருளையைக் கிட்டப் பாருங்கள். ஒவ்வொரு தகட்டின் உள்வளைவிலும் பழுப்பு நிறத்தில் கம்பளிப் பட்டை மாதிரி ஒன்று படிந்திருக்கும். நகத்தால் நெம்பினால் தகட்டின் வடிவத்திலேயே பெயர்ந்து வரும். காற்றை அள்ள வேண்டிய வளைவு தூர்ந்து தட்டையாகிப் போயிருக்கிறது என்று அர்த்தம். மோட்டார் அதே வேகத்தில் சுற்றும், காற்று மட்டும் வராது. மேல் நுனியில் ரப்பர் வளையத்துக்குள் பித்தளை நிறத்தில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு புஷ் இருக்கும். அதைச் சுற்றிக் கருப்பாக ஒரு வளையம், அதில் சுற்றிக்கொண்ட தலைமுடி. ரிவெட் மாதிரி இறுகிப்போன முடியைப் பிளேடால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

உருளையைக் கழற்ற, அடியில் மோட்டார் தண்டைப் பிடித்திருக்கும் ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்த வேண்டும். அது வெளியிலிருந்து தெரியாது. உருளையைக் கையால் மெல்லச் சுற்றினால் அடி வரிசையில் தகடுகளுக்கு நடுவில் ஒரு சந்து வரும், டிரைவர் நுழைவதற்கென்றே விட்ட இடம் அது. தளர்த்தினால் போதும், முழுதாகக் கழற்ற வேண்டாம். உருளையை மேல்நோக்கி நகர்த்தி எடுத்து, வாளியில் வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவமும் விட்டு, இருபது நிமிடம் ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். தகடுகளில் ஓரிரண்டில் சின்ன இரும்புக் கிளிப் மாட்டியிருந்தால் அதைக் குப்பை என்று பிடுங்கிவிடாதீர்கள். கார் சக்கரத்துக்கு அலைன்மென்ட் கடையில் ஈயம் ஒட்டுகிற மாதிரி, எடை சமமாவதற்காகக் கம்பெனி போட்டது. நிழலில் காயவையுங்கள். பங்குனி வெயிலில் சிமெண்ட் களத்தில் போட்டால் உருளை வளைந்துபோகும், வளைந்த உருளையை நிமிர்த்த வழியே இல்லை. மோட்டார், சர்க்யூட் பக்கம் தண்ணீரே கூடாது, காய்ந்த பிரஷ் மட்டும்.

எண்ணெய் விஷயத்தில் நம் பக்கம் எல்லோரும் செய்கிற தப்பு தேங்காய் எண்ணெய். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, அதனால் விடுகிறார்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையும். மார்கழி விடியற்காலையில் பாட்டிலில் உறைகிற அதே எண்ணெய் புஷ்ஷிலும் உறையும். வெயில் காலத்தில் சூட்டில் பிசினாகித் தூசியைக் கூட்டிவைக்கும். துரு நீக்குகிற ஸ்ப்ரேயும் வேண்டாம். அடித்த உடனே சத்தம் நிற்கும், ஒரு வாரத்தில் ஆவியாகி, புஷ்ஷில் ஊறியிருந்த எண்ணெயையும் கழுவிக்கொண்டு போயிருக்கும். தையல் மெஷின் எண்ணெய் போதும். மேல் புஷ்ஷுக்கு இரண்டு சொட்டு, மோட்டார் தண்டு வெளியே வருமிடத்தில் இரண்டு சொட்டு. மீறி வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். தண்டு நுனியில் நகத்துக்குத் தட்டுப்படுகிற அளவுக்குக் காடி விழுந்திருந்தால் எண்ணெய் அதற்கு மருந்தாகாது, புஷ் மாற்ற வேண்டும்.

திரும்பப் பூட்டும்போது தண்டில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கும், ஸ்க்ரூ அந்தத் தட்டையின்மேல்தான் இறங்க வேண்டும். உருண்டைப் பக்கம் இறுக்கினால் இரண்டு நாளில் வழுக்கிவிடும். உருளைக்கு மேலும் கீழும் இரண்டு மூன்று மி.மீ. இடைவெளி இருக்கட்டும். மூடுவதற்கு முன்னால் விரலால் சுண்டிவிட்டால் சத்தமில்லாமல் சில சுற்று ஓடி நிற்க வேண்டும்.

சத்தமும் கோளாறும்

"ம்ம்ம்" என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நிற்கிறதா? கிரில் வழியாகக் குச்சியால் உருளையை லேசாகத் தள்ளிப் பாருங்கள். தள்ளியதும் ஓடத் தொடங்கினால் கண்டென்சர் போயிருக்கிறது. தள்ளியும் இறுக்கமாக இருந்தால் புஷ் காய்ந்திருக்கிறது. கண்டென்சர் பெரும்பாலும் 1 முதல் 2 மைக்ரோஃபாராட், 400 வோல்ட்டுக்கு மேல் என்று எழுதியிருக்கும். கண்டென்சர் அளக்கிற மல்டிமீட்டரில் வைத்து, எழுதியிருப்பதை விடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். விலை ஒரு பொருட்டே அல்ல. அதே மைக்ரோஃபாராட் வாங்க வேண்டும், வோல்ட் அதேயோ கூடவோ இருக்கலாம். "கொஞ்சம் பெருசா போட்டா வேகமா ஓடும்" என்று சில மெக்கானிக்குகள் சொல்வார்கள். வேகம் கூடாது, மோட்டாரின் கம்பிச்சுருளான காயில்தான் வேகும்.

ஒன்றுமே அசையவில்லை, முனகலும் இல்லை என்றால் முதலில் பிளக், அடுத்து வயர். இடமும் வலமுமாகத் திரும்பி ஆடுகிற ஃபேனில் வயர் கழுத்துப் பக்கம் நாளெல்லாம் முறுக்கிக்கொண்டே இருக்கும். ரப்பர் உறை முழுசாகத் தெரிந்தாலும் உள்ளே செம்பு அறுந்திருக்கலாம். அதுவும் சரி என்றால் மோட்டார் காயிலுக்குள் இருக்கும் தெர்மல் ஃபியூஸ். மோட்டார் அளவுக்கு மீறிச் சூடானால் அறுந்து, தீப்பிடிக்காமல் காக்கிற பொருள் அது. அறுந்தால் அதே டிகிரி போட்ட புதிய ஃபியூஸ் போட வேண்டும். அதை நேராக வயரால் இணைத்துக் கொடுக்கிற மெக்கானிக்கிடம் ஃபேனைத் திரும்ப வாங்காதீர்கள். ஏன் சூடானது என்று பார்த்தால் அங்கேயும் தூசிதான் இருக்கும்.

ஆடும்போது மட்டும் "டிக் டிக்" என்றால் அடியில் ஃபேனைத் திருப்புகிற சின்ன சிங்க்ரோனஸ் மோட்டாரின் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது. காரணம் பெரும்பாலும் கை. ஆடிக்கொண்டிருக்கிற ஃபேனைப் பிடித்து "இந்தப் பக்கம் திரும்பு" என்று வலிந்து திருப்புவதால் பிளாஸ்டிக் பல் உடைகிறது. ஆட்டத்தை நிறுத்திவிட்டு, மொத்த ஃபேனையும் அடித்தட்டோடு தூக்கித் திருப்ப வேண்டும். அந்தச் சின்ன மோட்டார் தனியாகவே கிடைக்கும். வோல்ட், சுற்று எண்ணிக்கை, தண்டு நீளம் மூன்றும் பழையதோடு பொருந்த வேண்டும்.

ரிமோட் வேலை செய்யாவிட்டால் போன் கேமராவை, முடிந்தால் முன்பக்கக் கேமராவை, ரிமோட் நுனிக்கு நேராகப் பிடித்துப் பட்டனை அழுத்துங்கள். திரையில் ஊதா நிறத்தில் வெளிச்சம் மின்னினால் ரிமோட் நல்லது, கோளாறு ஃபேன் பக்கம். மின்னாவிட்டால் பேட்டரி. சி.ஆர். 2025 அல்லது 2032 என்ற காசு பேட்டரிதான் பெரும்பாலும் இருக்கும், எது என்று பார்த்து அதையே போடுங்கள். இந்தப் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மூடி ஸ்க்ரூ இல்லாமல் சும்மா திறக்கிற ரிமோட் என்றால் டேப் சுற்றி வையுங்கள்.

பீப் சத்தம் வருகிறது, ஃபேன் ஓடவில்லை, அல்லது மூன்று வேகத்தில் ஒன்று மட்டும் இல்லை என்றால் சர்க்யூட் போர்டு. மழைக்காலத்தில் பல்லியும் எறும்பும் இதமான இடம் தேடி அடிப்பக்கம் நுழைவதாலும் இது நடக்கும். இந்த போர்டுகளில் பல, டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேரடியாக 230 வோல்ட்டிலிருந்து இறக்குபவை. எந்த இடத்தைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும். பிளக் போட்டுக்கொண்டு உள்ளே விரல் வைக்கிற வேலை இதில் வேண்டாம். போர்டு மாடலுக்கு மாடல் வேறு என்பதால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கிடைத்தால் உண்டு. திருகு ஸ்விட்ச் ஃபேனில் ஸ்விட்ச் கெட்டால் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் மாற்று கிடைக்கும். உருளை உடைந்தால் பட்டன் ஃபேன், திருகு ஃபேன் இரண்டிலுமே கதை கிட்டத்தட்ட முடிந்தது, தனி உருளை வெளிக்கடையில் கிடைப்பது அபூர்வம்.

எதை வாங்குவது

படுக்கையறைக்கு, ராத்திரி ஓட்ட, 60 வாட்டுக்குள் உருளை வகை. பின்மூடி சாதாரண பிளஸ் ஸ்க்ரூவில் திறக்கிறதா, முக்கோண ஸ்க்ரூவா என்று பாருங்கள். முக்கோணம் என்றால் வீட்டில் திறந்து துடைப்பது பெரும்பாடு, நார் மில் ஓரத்து வீட்டுக்கு அது ஆகவே ஆகாது. ஷீட் வீட்டுக் கூடம், டெய்லர் கடை, பேக்கரி மாதிரி சத்தம் பொருட்டில்லாத இடத்துக்குப் புளோயர் வகை. காற்று தூரம் பாயும், பில்லும் ஏறும். புளோயரில் தூசி சேருவது கண்ணுக்குத் தெரியாது, உறையைக் கழற்றினால்தான் தெரியும். ஆனால் உருளையை விடத் தூசியைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். கரண்ட் போய் வருகிற ஊர் என்றால் இரண்டிலுமே திருகு ஸ்விட்ச். டவர் கூலர் என்று இன்னொன்று பக்கத்திலேயே நிற்கும். அது தண்ணீர் ஊற்றுகிற சாமான், பராமரிப்பே வேறு. பெயரைப் பார்த்து மாற்றி எடுத்துவிடாதீர்கள்.

எல்லைப் பக்கம் இருப்பவர்கள் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். வீடு கொழிஞ்சாம்பாறையில், வாங்குவது பொள்ளாச்சியிலோ கோயம்புத்தூரிலோ என்றால், சர்வீஸுக்கு ஆள் வருவது வீட்டு பின்கோடைப் பார்த்துத்தான். கடையில் நிற்கும்போதே கம்பெனியின் இலவச எண்ணுக்குப் போன் போட்டு, உங்கள் பின்கோடுக்கு வீட்டுக்கே வருவார்களா, பாலக்காட்டுக்கு நீங்கள் தூக்கிப்போக வேண்டுமா என்று கேளுங்கள். மோட்டாருக்கு மட்டும் வாரண்டியா, போர்டுக்கும் உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். ஜி.எஸ்.டி. பில் கட்டாயம் வாங்குங்கள். கடைகளில் தருவது பெரும்பாலும் தெர்மல் பேப்பர், பீரோவுக்குள் வைத்தாலும் ஒரு கோடை கழிந்தால் எழுத்து மறைந்துவிடும். அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து, பின்பக்க ஸ்டிக்கரின் போட்டோவோடு வைத்துக்கொள்ளுங்கள். சீரியல் நம்பர் பெரும்பாலும் அந்த ஸ்டிக்கரில்தான் இருக்கும், துடைக்கிற ஈரத்துணியில் முதலில் அழிவதும் அதுதான்.